ஆடிப்பெருக்கன்று காணாமல் போன பெயர்கள்

கேள்வி:

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். முதலாளி அண்ணாச்சி குடும்பத்துக்குச் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையும் கிட்டங்கியும், விருதுநகரில் பழைய வத்தல் கமிஷன் கடையும் உண்டு. மூன்றுக்கும் கணக்கு, பில், ஸ்டாக் எல்லாமே அச்சகத்து மாடியில் இருக்கும் இரண்டு சர்வர்களில்தான் ஓடுகின்றன. போன வருஷம் அந்த இரண்டிலும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, 14 விஎம்களாக, அதாவது மெய்நிகர் கணினிகளாக, பிரித்தேன். ஒன்று விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி. மற்றவை பெரும்பாலும் உபுண்டு.

ஆரம்பத்தில் எல்லா விஎம்மிலும், பெயரைச் சொன்னால் ஐபி முகவரி தரும் டிஎன்எஸ் சர்வராகக் கூகுளின் 8.8.8.8ஐக் கொடுத்துவிட்டு, உள் பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி, அதை ஒவ்வொன்றிலும் நகலெடுத்து வைத்தேன். ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு பில்லிங் விஎம்மின் ஐபியை மாற்ற வேண்டி வந்தது. பாதி இடத்தில் திருத்தினேன், மீதி விட்டுப்போயிற்று. ஆடி 18 அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகி ஏஜெண்டுகள் ஆர்டரோடு வந்து நிற்கிறார்கள், பில் போட முடியவில்லை. அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு டிஎன்எஸ் விஎம் வைத்தேன். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் அதன் முகவரியை எழுதினால் ரீபூட் ஆனதும் அழிந்துபோகிறது. பாதுகாப்புக்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 கொடுத்திருக்கிறேன். அப்படியும் உள் பெயர்கள் சில நேரம் கிடைக்கின்றன, சில நேரம் கிடைப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் அரை மணி நேரத்துக்கு எதுவும் எழுந்திருப்பதில்லை. "பழைய மாதிரி ஐபி நம்பரையே போட்டுத் தொலை" என்கிறார் அண்ணாச்சி. அவர் சொல்வதுதான் சரியா?

— பெயர் வேண்டாம், திருத்தங்கல்

பதில்:

அண்ணாச்சி சொல்வதில் கால்வாசி சரி, தம்பி. அந்தக் கால்வாசி எது என்று பிறகு சொல்கிறேன். முதலில், பாதுகாப்புக்கு என்று நீங்கள் போட்ட அந்த 8.8.8.8ஐ எடுத்துவிடுங்கள். சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்ற கோளாறுக்குக் காரணமே அதுதான்.

முதல் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் என்றுதான் இந்தத் துறையில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தேன். அது அப்படி வேலை செய்வதில்லை. வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் கோயம்பேட்டில் ஒரு டீக்கடையில் இறங்கி, "சாத்தூர் ரோட்டில் அண்ணாச்சி கிட்டங்கி எங்கே?" என்று கேட்டால், கடைக்காரர் "அப்படி ஒன்றும் கிடையாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஊரில் அப்படியொரு கிட்டங்கி கிடையாது. டிரைவரும் அதை நம்பி வண்டியைத் திருப்பிவிடுவார். டிஎன்எஸ்ஸில் "இல்லை" என்பது முழுமையான பதில். பதில் வந்தபின் கணினி அடுத்த சர்வரிடம் போய்க் கேட்காது. முதல் சர்வர் வாயே திறக்காவிட்டால்தான் அடுத்ததிடம் போகும்.

லினக்ஸில் வழக்கமான முறையில் ஒரு சர்வருக்கு 5 விநாடி காத்திருந்து, பதில் இல்லாவிட்டால்தான் அடுத்தது. ஆனால் இன்றைய உபுண்டுவில் நடுவே சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்று ஒரு சேவை உட்கார்ந்திருக்கிறது. முதல் சர்வர் ஒருமுறை தாமதித்தால் அது இரண்டாவதற்குத் தாவிவிடும். தாவியபின், முதலாமவர் எழுந்து வந்தாலும் திரும்பிப் பார்க்காது. தாவிய இடத்திலேயே இருக்கும். உங்கள் டிஎன்எஸ் விஎம் ஒருமுறை ரீபூட் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் பெயர் தேடிய விஎம்கள் 8.8.8.8க்குப் போய்விட்டன, தேடாதவை உங்களிடமே இருந்துவிட்டன. 14 விஎம்மில் சிலவற்றுக்கு மட்டும் உள் பெயர்கள் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். அல்பைன் லினக்ஸ் கண்டெய்னர் ஏதாவது ஓடினால் இன்னும் மோசம். அது எல்லா டிஎன்எஸ்ஸையும் ஒரே நேரத்தில் கேட்டு, முந்தி வருகிற பதிலை எடுத்துக்கொள்ளும். கூகுள் முந்திக்கொண்டால் உங்கள் கிட்டங்கி "இல்லை".

ஆகவே பட்டியலில் எத்தனை டிஎன்எஸ் இருந்தாலும் எல்லாமே ஒரே பதிலைச் சொல்லத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் இரண்டு பேர். வெளியூர்க்காரர் பட்டியலில் வரவே கூடாது. கூகுள், யூடியூப், ஜிஎஸ்டி தளம் போன்ற வெளிப்பெயர்களுக்கு நம்முடைய இரண்டு பேருமே 8.8.8.8இடமோ 1.1.1.1இடமோ கேட்டு வாங்கித் தருவார்கள். விஎம்கள் நேரடியாக வெளியே கேட்கத் தேவையே இல்லை. கேட்க முடியாதபடி ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை இந்த இரண்டு பேருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். யாராவது ஒருவர் அவசரத்தில் ஒரு விஎம்மில் 8.8.8.8 என்று எழுதினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்; ஆடிப்பெருக்கு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஹோஸ்ட்ஸ் கோப்பை நகலெடுத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். உலகமே அப்படித்தான் தொடங்கியது. இணையத்தின் தாயான அர்பாநெட்டில் இருந்த கணினிகள் அத்தனையின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர வேண்டும் என்றால் அவர்களிடம் சொல்லி எழுத வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது புதுப் பிரதியை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக, ஒருவர் கையில் இருந்த பிரதி இன்னொருவர் கையில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. அந்தத் தலைவலியில்தான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். உங்களுக்கு அது 14 விஎம்மிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது, ரீபூட்டில் அழியும் ரிசால்வ்.கான்ஃப். உபுண்டுவில் அது நாம் எழுதுகிற கோப்பே இல்லை. திறந்து பார்த்தால் 127.0.0.53 என்று இருக்கும். அது மேலே சொன்ன ரிசால்வ்டு சேவையின் முகவரி. அந்தக் கோப்பு ஒரு கண்ணாடி மாதிரி. கண்ணாடியில் தெரியும் பொட்டைக் கண்ணாடியில் துடைத்துப் பயன் இல்லை. கிளவுட்-இனிட், நெட்பிளான், டிஎச்சிபி இவற்றில் எது அந்த விஎம்முக்கு நெட்வொர்க் விவரம் கொடுக்கிறதோ, அங்கேதான் எழுத வேண்டும். கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து டிஎன்எஸ் முகவரி மாறும்போது, பூட்டியதை நீங்களே மறந்திருப்பீர்கள்.

பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்முக்கும் கிளவுட்-இனிட் பக்கத்தில் டிஎன்எஸ் டொமைன், டிஎன்எஸ் சர்வர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. காலியாக விட்டால் அந்த விஎம், தான் ஓடுகிற சர்வரின் டிஎன்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளும். நிறையப் பேருக்கு 8.8.8.8 எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் வருவது இப்படித்தான். பிராக்ஸ்மாக்ஸ் நிறுவும்போது அவசரத்தில் அடித்த நம்பர் அது. கட்டத்தை நிரப்பி, இமேஜைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தி, விஎம்மை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். டெம்ப்ளேட்டிலும் அதையே வைத்துவிட்டால், நாளைக்குப் பிறக்கிற புது விஎம் சரியாகவே பிறக்கும். கிளவுட்-இனிட் இல்லாத பழைய விஎம்கள், ஆபீஸ் பிசிக்கள், பிரிண்டர்கள், பிளேட் அடிக்கும் மெஷினின் கணினி இவற்றுக்கெல்லாம் டிஎச்சிபி. அதில் 6ஆம் ஆப்ஷன் டிஎன்எஸ் சர்வர், 15ஆம் ஆப்ஷன் டொமைன் பெயர். ஒரே இடத்தில் மாற்றினால் குத்தகை புதுப்பிக்கும்போது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இதே பகுதியைப் படிக்கிற வாசகர்களில் சிலர் சர்வர் வாங்காமல் வாடகைக் கிளவுடில் தனி நெட்வொர்க் வைத்திருப்பார்கள். கதை அங்கேயும் இதுதான். சொல்லும் இடம் மட்டும் வேறு. ஓபன்ஸ்டாக்கில் சப்நெட்டில் டிஎன்எஸ் நேம்சர்வர் என்று கொடுக்க வேண்டும். அமேசானில் டிஎச்சிபி ஆப்ஷன் செட். ஏற்கெனவே உருவாக்கியதைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்று செய்து மாட்ட வேண்டும். அஷ்யூரில் விர்ச்சுவல் நெட்வொர்க்கில் மாற்றிவிட்டு விஎம்களை ரீபூட் செய்தாலோ டிஎச்சிபி குத்தகையைப் புதுப்பித்தாலோதான் உறைக்கும். அங்கே சொந்த டிஎன்எஸ் வைப்பவர்கள், தெரியாத பெயர்களை அந்தக் கிளவுடின் உள் டிஎன்எஸ்ஸிடம் அனுப்ப மறந்துவிடுவார்கள். அஷ்யூரில் அது 168.63.129.16. மறந்தால், உள்ளே மட்டும் தெரிகிற டேட்டாபேஸ் முகவரிகள் காணாமல் போகும். சரி, நம் மாடிக்கு வருவோம்.

எந்த மென்பொருள்? பிண்ட் கற்றுக்கொள்ளத் தகுந்தது, பெரிய இடங்களுக்கு அதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் இரண்டாவது சர்வர் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒற்றை ஆளாக மூன்று ஊர் பார்க்கிற உங்களுக்கு என் சிபாரிசு டிஎன்எஸ்மாஸ்க். சைமன் கெல்லி எழுதியது, சின்னது. ஓபன்ஸ்டாக்கே விஎம்களுக்கு ஐபி வழங்கப் பல இடங்களில் அதைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை அப்படியே அதன் வாயில் ஊட்டிவிடலாம். 14 இடத்தில் இருந்த கோப்பு 2 இடத்துக்கு வந்துவிடும். அந்த இரண்டையும் ஒன்றுபோல் வைக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். அந்தக் கோப்பிலிருந்து தரும் பதில்களுக்கு அது இயல்பாகவே ஆயுள் பூஜ்யம் என்று வைக்கிறது. அதாவது யாரும் பழைய பதிலை நினைவில் வைத்துக்கொண்டு தொல்லை செய்ய மாட்டார்கள். ஐபி மாற்றி, கோப்பை மறுபடி படிக்கச் சொன்னால் அடுத்த கேள்விக்கே புது முகவரி போகும். 14 விஎம் அளவுக்கு இந்தச் சுமை ஒன்றுமே இல்லை.

டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, உங்கள் உள் டொமைன் "லோக்கல்" என்று அறிவிப்பது. அப்போதுதான் தெரியாத உள் பெயர் வெளியே கேட்கப் போகாது. இரண்டாவது, ஆக்டிவ் டைரக்டரி பகுதிக்கு மட்டும் கேள்வியை அந்த விண்டோஸ் விஎம்முக்குத் திருப்பிவிடுவது. லாகின் சர்வர் எங்கே என்பதை விண்டோஸ் தனி வகைப் பதிவுகளாக டிஎன்எஸ்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதை நகலெடுக்க முயலாதீர்கள். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் பிசிக்கள் டைரக்டரி சர்வரையே கேட்கட்டும். அது தனக்குத் தெரியாததை நம் டிஎன்எஸ் இரண்டிடம் கேட்கட்டும்.

உள் டொமைனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தப் பக்கம் நான் பார்த்த முக்கால்வாசி இடங்களில் கடைப்பெயருக்குப் பின்னால் .லோக்கல் என்று இருக்கும். 2013இலேயே அதை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒரே அறைக்குள் பிரிண்டரும் கணினியும் ஒன்றையொன்று கூவிக் கண்டுபிடிக்கும் முறைக்கு உரியது அது. உபுண்டுவும் ஆப்பிளும் அந்த வாலைப் பார்த்தால் டிஎன்எஸ்ஸிடம் போகத் தயங்கும். டைரக்டரிக்கு ஏற்கெனவே அந்தப் பெயரை வைத்துவிட்டிருந்தால் தொட வேண்டாம், மாற்றுவது பெரிய அறுவை. புதிதாக வைப்பதற்கு, 2024 ஜூலையில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு .இன்டர்னல் என்ற வாலைத் தனியார் உபயோகத்துக்கு என்று நிரந்தரமாக ஒதுக்கியிருக்கிறது. இலவசம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் நான் உங்கள் சொந்த டொமைனின் கிளையைத்தான் சொல்வேன். அச்சகத்துக்கு .இன் டொமைன் இருந்தால், அதற்கு முன்னால் "உள்" என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம், உலாவியில் பூட்டுக்குறி வர வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும். சொந்த டொமைன் என்றால் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும். .இன்டர்னல் பெயருக்கு வெளியில் யாரும் தர மாட்டார்கள்.

சொந்த டொமைன் என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அது உண்மையிலேயே உங்களுடையதா? வெப்சைட் செய்து கொடுத்த பையனின் ஈமெயிலில் பதிவாகியிருக்கும், அவர் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருப்பார். போய்ப் பாருங்கள். 2018 செப்டம்பர் 24 அன்று, தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்துக்கு நடந்தது நினைவிருக்கலாம். மோசடி மெயில் புகார்களைக் காரணம் காட்டி, டொமைன் பதிவு நிறுவனம் ஜோஹோ.காம் பெயரையே முடக்கியது. சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, பெயர்தான் இல்லை. லட்சக்கணக்கானவர்களின் மெயிலும் கணக்கும் நின்றன. அதன் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டி வந்தது. முடக்கம் நீங்கிய பிறகும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திரும்பிவிடவில்லை. பழைய பதிலை நினைவில் வைத்திருந்த டிஎன்எஸ்கள் அதை மறக்க நேரம் பிடித்தது. உங்களுக்கு ஒரு ஆறுதல்: உள் கிளைக்கு உங்கள் டிஎன்எஸ்ஸே பதில் சொல்வதால், வெளியே டொமைன் முடங்கினாலும் மாடியில் பில் ஓடும்.

இப்போது கரண்ட் போய் வந்தால் அரை மணி நேரம். இதைத்தான் நான் அதிகம் ரசித்தேன், மன்னியுங்கள். என் ஊகம் இது: விஎம்களின் டிஸ்க் என்ஏஎஸ் என்னும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருக்கிறது, அந்தப் பெட்டியைப் பிராக்ஸ்மாக்ஸில் பெயர் சொல்லி இணைத்திருக்கிறீர்கள். பெயரைச் சொல்ல டிஎன்எஸ் விஎம் எழ வேண்டும். டிஎன்எஸ் விஎம் எழ அதன் டிஸ்க் வேண்டும். டிஸ்க் இருப்பது என்ஏஎஸ்ஸில். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியாயிற்று. கடைசியில் ஏதோ ஒரு பக்கம் காலக்கெடு தீர்ந்து, நீங்களும் நாலு முறை ரீஸ்டார்ட் செய்து, எப்படியோ வந்துவிடுகிறது.

சின்ன இடத்துக் கோளாறு இது என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றபோது, பராமரிப்பில் நேர்ந்த ஒரு தவறால் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் வெளியுலகத்துக்கு எட்டாமல் போயின. சரிசெய்வதற்கென்று வைத்திருந்த உள் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்தன. கடைசியில் ஆள் நேரே டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று.

அண்ணாச்சி சொன்னதில் சரியான கால்வாசி இங்கேதான் வருகிறது. டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் எழ வேண்டியவை எல்லாம் நம்பரில் இருக்கட்டும். என்ஏஎஸ் இணைப்பு நம்பரில். இரண்டு பிராக்ஸ்மாக்ஸ் சர்வர்களும் ஒன்றையொன்று அறிவது அவற்றின் சொந்த ஹோஸ்ட்ஸ் கோப்பில். டிஎன்எஸ் சர்வர்களின் முகவரி கையால் எழுதிய நிலையான நம்பர். மற்ற எல்லாமே, பில்லிங், ஸ்டாக், படக்கோப்புகள், டேலி, எல்லாம் பெயரில். இந்தக் கோட்டை ஒரு தாளில் போட்டு அண்ணாச்சியிடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

டிஎன்எஸ் விஎம்மின் டிஸ்க்கை அது ஓடும் சர்வரின் சொந்த டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் அதற்குத் துவக்க வரிசை 1, அதன்பின் 30 விநாடி இடைவெளி. இந்த வரிசை அந்தந்த சர்வருக்குள் மட்டும்தான் செல்லும். மற்ற சர்வரில் இருக்கும் விஎம்கள் இதற்காகக் காத்திருக்காது.

இரண்டாவது டிஎன்எஸ்ஸை எங்கே வைப்பது? விஎம்மாக வைக்காதீர்கள். பல வருஷம் முன்பு ஒரு ஆலையில் இரண்டு டிஎன்எஸ் விஎம் வைத்துவிட்டுப் பெருமையாக இருந்தேன். ஒருநாள் ஒரு சர்வரைச் சுத்தம் செய்ய, அதிலிருந்த விஎம்களை எல்லாம் அடுத்ததற்கு நகர்த்தினேன். வேலை முடிந்ததும் திருப்பி நகர்த்த மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த ஒரு சர்வரின் பவர் சப்ளை போனபோது இரண்டு டிஎன்எஸ்ஸும் அதில்தான் இருந்தன. பட்டாசு மருந்து அறைக்கும் மருந்து அறைக்கும் இத்தனை மீட்டர் என்று இடைவெளி விட்டுக் கட்டுகிற ஊர் உங்களுடையது. இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கி சுவிட்ச் பக்கத்தில் வைத்து, சுவிட்சுக்கும் அதற்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். அதுதான் இரண்டாவது டிஎன்எஸ். அதற்கு இன்னொரு வேலையும் தரலாம். உங்கள் இரண்டு சர்வரும் கிளஸ்டராக இணைந்திருந்தால், ஒன்று செத்தால் மற்றதற்குப் பெரும்பான்மை ஓட்டு இல்லாமல் போய், அது புதிதாக ஒரு விஎம்மையும் துவக்க மறுக்கும். டிஎன்எஸ் விஎம்மையும் சேர்த்துத்தான். பையில் கியூடிவைஸ் என்ற சேவையைப் போட்டுவிட்டால் மூன்றாவது ஓட்டு கிடைத்துவிடும். உங்கள் அரை மணி நேரத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். எந்த சர்வர் பிந்தி எழுகிறது என்று கவனியுங்கள்.

பையில் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான மாடல்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது; கரண்ட் போய் வந்தால் பழைய தேதியோடு எழும். டிஎன்எஸ் பதில்களின் கையெழுத்தைச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், தேதி தவறாக இருக்கும்போது வெளிப்பெயர்களின் கையெழுத்தெல்லாம் செல்லாதவையாகத் தெரியும். நேரத்தைச் சரிசெய்ய நேர சர்வரின் பெயரைத் தேடும், பெயர் கிடைக்காது. திரும்பவும் பெட்டிக்குள் சாவி. நேர சர்வர் ஒன்றையாவது நம்பரில் கொடுங்கள், அல்லது பேட்டரி வைத்த கடிகாரச் சில்லு ஒன்றைச் செருகுங்கள். நேரம் என்றதும் இன்னொன்று: 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, அல்லது அதிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு இணைக்க வேண்டும், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். டிஎன்எஸ் கேள்விப் பதிவும் அதில் அடக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பையின் மெமரி கார்டில் எழுதாதீர்கள், கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். வேறொரு விஎம்முக்கு அனுப்பிச் சேமியுங்கள்.

சாத்தூருக்கும் விருதுநகருக்கும் விபிஎன் போட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் பிசிக்களை உங்கள் மாடி டிஎன்எஸ்ஸை மட்டும் நம்பும்படி வைக்காதீர்கள். லைன் அறுந்தால் அவர்களுக்கு ஜிஎஸ்டி தளம்கூடத் திறக்காது, போன் உங்களுக்குத்தான் வரும். அந்தந்த ஊர் ரூட்டரே டிஎன்எஸ்ஸாக இருக்கட்டும். உங்கள் உள் டொமைன் கேள்விகளை மட்டும் அது விபிஎன் வழியாக மாடிக்குத் திருப்பட்டும். இதைச் செய்ததும் ஒரு விநோதம் நடக்கக்கூடும்: மாடியில் கேட்டால் பதில் வருகிறது, சாத்தூர் ரூட்டர் வழியாகக் கேட்டால் வெறுமை. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஓபன்டபிள்யூஆர்டி போன்றவை, வெளியிலிருந்து வரும் பதிலில் 10 அல்லது 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அதைச் சதி என்று சந்தேகித்துத் தூக்கி எறிந்துவிடும். ரீபைண்ட் பாதுகாப்பு என்று அமைப்புகளில் இருக்கும். அதை அணைக்காமல், உங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். தொழிற்சாலை என்று சொல்லும்போது அலுவலக அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்போனையே வாசலில் வாங்கி வைக்கிற இடத்துக்குள் வைஃபை பெட்டி நீட்ட வேண்டாம். போர்மேன் சொல்வதுதான் அங்கே சட்டம்.

எப்போது மாற்றுவது? தீபாவளி வரை பட்டாசு ஆபீஸ் உங்களை விடாது, அதன்பின் டிசம்பர் முடிய காலண்டர் விடாது. பங்குனிப் பொங்கலுக்கு ஊரே மூடியிருக்கும் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வாரமே இரண்டு டிஎன்எஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கட்டும். டிக் கட்டளையால் இரண்டையும் தனித்தனியாக, ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுப் பதில் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு முக்கியம் இல்லாத ஒரு விஎம்மை மட்டும் மாற்றி இரண்டு நாள் விடுங்கள். எல்லாம் மாற்றி முடித்த அன்று மாலை, முதல் டிஎன்எஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு பில் போடுங்கள். அதை எழுப்பிவிட்டு, பையின் ஒயரைப் பிடுங்கி இன்னொரு பில். அதுவும் சரி என்றால் மெயின் சுவிட்சையே இறக்கி ஏற்றி, கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு முன்னால் ஒரு வேலை, இதை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். லினக்ஸானாலும் விண்டோஸானாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்த பிறகுதான் டிஎன்எஸ்ஸிடம் போகும். நீங்கள் போன வருஷம் நகலெடுத்து வைத்த அந்த வரிகள் சில விஎம்களில் இன்னும் இருக்கக்கூடும். ஐபி மாறாதவரை எல்லாம் சரியாகவே நடப்பது போலத் தெரியும், உங்கள் பரிசோதனைகளும் தேறிவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து, அதன் சொந்தப் பெயரையும் 127 என்று தொடங்குவதையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற வரிகளை அழியுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் சர்வர்கள் இரண்டிலும், டிஎன்எஸ் இரண்டிலும் மட்டும் தொடாதீர்கள், அவற்றுக்கு அது வேண்டும்.